அறுபதாம் எண் வீட்டில் காய்ச்சிய பால்

ஜனவரி 26

இந்த டைரி இன்சூரன்ஸ் ஏஜென்ட் இளங்கோ இலவசமாகக் கொடுத்தது. முப்பத்தாறு வருடம் சர்வேயராக இருந்து, அடுத்தவன் வயலின் எல்லையை எழுதியே கை தேய்ந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என்னைப் பற்றி எழுத ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒன்று வந்திருக்கிறது: சொந்த வீடு.

திருச்சிக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர். பெயர் ‘மரகதச் சோலை’. மரகதமும் இல்லை, சோலையும் இல்லை. வரிசைக்குப் பதினாறாக நான்கு வரிசை, மொத்தம் அறுபத்து நான்கு வீடு. எல்லாம் ஒரே அச்சு, ஒரே நிறம், எல்லாமே கிழக்குப் பார்த்த வாசல். அதில் ஐந்தாம் எண் எங்களுடையது. சாவி கொடுக்க ஏப்ரல் ஆகுமாம். ஆனாலும் தை மாதத்திலேயே பால் காய்ச்சிவிட வேண்டும் என்று வேதவல்லி ஒற்றைக் காலில் நிற்கிறாள். பால் காய்ச்சாத வீட்டில் அவள் ஒரு ராத்திரி தங்க மாட்டாள். அரூருக்குப் பிறகு அப்படி. நானும் குறுக்கே பேசுவதில்லை. அரூரைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

ஜனவரி 27

பால் காய்ச்சி ஆயிற்று. ஆறிலிருந்து ஏழரை நல்ல நேரம். போய் இறங்கியபோது ஒரே மூடுபனி. சாலை போடவில்லை, கேட் கட்டவில்லை, வீட்டுக்கு எண் எழுதவில்லை, எஞ்சினியர் வரவில்லை. காவல்காரர் சின்னக்கண்ணு மட்டும் சாவிக்கொத்தோடு குல்லா போட்டுக்கொண்டு நின்றார். நான் கம்பெனிக்காரன் கொடுத்த வண்ண வரைபடத்தைப் பிரித்தேன்.

“சார், அஞ்சாம் நம்பரு இந்தக் கோடியில இல்லீங்களா?” என்று சின்னக்கண்ணு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

“முப்பத்தாறு வருஷம் சர்வே பாத்தவனுக்கு நீ திசை சொல்றியாப்பா?” என்றேன். அவர் சாவிக்கொத்தை எடுத்தார். நான் சொன்ன கதவைத் திறந்துவிட்டார்.

அதே முகூர்த்தத்துக்கு இளங்கோவும் குடும்பத்தோடு வந்து, பன்னிரண்டாம் எண் எங்கே என்று தெரியாமல் செங்கல் குவியல்களுக்கு நடுவே திண்டாடிக்கொண்டிருந்தார். அவருக்கும் நான்தான் வழி காட்டினேன். நான் இல்லாவிட்டால் மனிதர் யார் வீட்டிலாவது போய்ப் பால் காய்ச்சியிருப்பார்.

மூன்று செங்கல்லை அடுக்கி, புதுப் பானை வைத்து, வேதா காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. “பாத்தீங்களா, கிழக்கால பொங்குது!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து எத்தனையோ வருடம் ஆகிறது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால், பனிக்கு மேலே ஒரு சின்னக் குன்று, அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு கோயில். “சமைக்கிறப்ப மலையைப் பாத்துக்கிட்டே சமைக்கலாம்” என்றாள். கிளம்பும்போது ஒரு மஞ்சள் துணி முடிச்சை அடுப்படிப் பரணில் உள்ளே தள்ளி வைத்தாள். என்ன அது என்று கேட்டேன். “மஞ்சளும் காசுந்தான். எல்லாத்தையும் அளக்காதீங்க” என்றாள்.

பிப்ரவரி 9

தவணை, வாடகை, முதுகுவலி. எழுத வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 20

சாவி வாங்கத் தனியாகப் போனேன். வேதா சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சினியர் பையன் என்னை அழைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு அருகே இருக்கும் முதல் வரிசைக்கு நடந்தான். “தம்பி, நம்ம வீடு அந்தக் கோடி” என்று சிரித்துக்கொண்டே திருத்தினேன். அவனும் சிரித்துக்கொண்டே ஒரு வீட்டின் முன்னால் நின்றான். சுவரில் பளபளவென்று ஒரு தகடு: 5.

வரைபடத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கேட் இருப்பது வடக்கே. ஆனால் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று வரைந்தவன் கேட்டைப் படத்தின் அடியில் போட்டிருக்கிறான். அதாவது மொத்தப் படமும் தலைகீழ். வடக்கைக் காட்டும் அம்பு கீழ்நோக்கி, நீச்சல்குளத்தில் குதிக்கும் குழந்தையின் காலடியில், எறும்பு அளவுக்கு இருக்கிறது. நான் வரைந்த ஆயிரக்கணக்கான புலப்படங்களில் வடக்கு மேலேதான் இருக்கும். அதனால் வடக்கு எங்கே என்று பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. படத்தைக் கையில் வாங்கியதும் வடக்கைத் தேடு என்று எத்தனை பயிற்சிப் பிள்ளைகளின் தலையில் குட்டியிருக்கிறேன்!

ஐந்துக்கு நேர் எதிர்மூலை அறுபது. நாங்கள் அறுபதாம் எண் வீட்டில் பால் காய்ச்சியிருக்கிறோம். தாலுகா முழுவதையும் அளந்தவனுக்குத் தன் வீட்டு வாசல் தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது வேதாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்தேன். “நம்ம வீடு எப்படி இருக்கு?” என்றாள். “பிரமாதம்” என்றேன்.

ஏப்ரல் 21

ஒரு உபாயம் செய்தேன். பிளம்பரைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி, அரை லிட்டர் பால் பாக்கெட்டும் ஒரு பாத்திரமும் வாங்கிக்கொண்டு ஐந்தாம் எண்ணுக்குப் போனேன். நானே காய்ச்சிவிட்டால் கணக்கு நேராகிவிடும் அல்லவா? செங்கல் தேட ஒரு மணி நேரம், காயாத விறகோடு போராட ஒரு மணி நேரம். சித்திரை வெயிலில் பாக்கெட் பால் அதுவரை எனக்காகக் காத்திருக்குமா? அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிடம் திரிந்து, கட்டி கட்டியாக என்னைப் பார்த்தது.

காய்ச்சாமல் இருந்தாலாவது ஒரு குற்றம். இப்போது இரண்டு. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 23

குடி வந்துவிட்டோம். வேதா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். இரவு நன்றாகத் தூங்கினாள். நான் அவள் மூச்சைக் கவனித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏப்ரல் 24

காலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்தவள், “ஏங்க, மலை எங்க?” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே கழிவுநீர் சுத்திகரிக்கும் தொட்டி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் ஒரு குன்றையே மறைக்க வேண்டியிருந்தது. “வெயில் காலத்துல கானல் எழும்பும். தூரத்துல இருக்கிறது தெரியாது” என்றேன்.

“கோயில்கூடவா தெரியாது?”

“கோயில் மலை மேலதான இருக்கு” என்றேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உளுந்து ஊறப் போட்டாள்.

ஏப்ரல் 25

இன்று ஸ்டூல் போட்டுப் பரணில் முடிச்சைத் தேடினாள். கிடைக்கவில்லை. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் எடுத்துப் போட்டிருப்பார்கள் என்றேன். இப்போதெல்லாம் பொய் எனக்குச் சரளமாக வருகிறது. அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள். மத்தியானம் சாப்பிடவில்லை. ஒரு துண்டு மஞ்சளுக்கும் ஒற்றை ரூபாய்க்கும் இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம்.

சாயங்காலம் சின்னக்கண்ணுவிடம் அறுபதாம் எண் சாவி கேட்டேன். அது ஆபீசில் இருக்கிறதாம், வீட்டுக்காரர் கடிதம் இல்லாமல் தரமாட்டார்களாம். “என்ன சார், எதையாச்சும் வச்சிட்டு வந்துட்டீங்களா?” என்றார். “இல்ல, சும்மாதான்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மே 7

குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கியாயிற்று. தலைவர் இளங்கோ. செயலாளர் யார் என்றதும், “அரசாங்கத்துல இருந்தவரு, நேர்மையானவரு” என்று என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். வேதா பெருமையாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நேர்மை என்ற சொல் வரும்போது எனக்குத் தும்மல் வந்தது.

மே 16

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இன்று நூற்றுப் பதினேழு செய்தி. தண்ணீர் உப்பு, நாய் குரைக்கிறது, பதினெட்டாம் எண்காரர் துணியைப் பொதுச் சுவரில் காயப்போடுகிறார், எழுபத்தொரு ‘காலை வணக்கம்’. சங்கத்தில் இல்லாதபோது நான் எவ்வளவு சுகமாக இருந்தேன் என்பதை இப்போதுதான் அறிகிறேன்.

வேதா பரவாயில்லை. சாயங்காலம் நான்கைந்து பெண்களோடு நடக்கப் போகிறாள். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். “எல்லாம் பால் பொங்கின ராசி” என்றாள். நான் செருப்பைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டேன்.

மே 30

அறுபதாம் எண்ணுக்கு ஆள் வந்துவிட்டது. பெயர் ரேணுகா. தபால் ஆபீசில் வேலை. கணவர் இல்லை, ஒரே மகள், அவள் முழுகாமல் இருக்கிறாள். பிரசவத்துக்கு இங்கேதான் வரப்போகிறாளாம்.

ஜூன் 4

மத்தியானம் இளங்கோ என்னை அவசரமாக அழைத்தார். ரேணுகா வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூன்று பேர். அந்தம்மாவின் முகம் வெளிறிக் கிடந்தது. பரணைத் துடைக்க ஏறியபோது கிடைத்ததாம். தரையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் மஞ்சள் துணி முடிச்சு.

“அடுப்படி மூலையில கரி வேற பிடிச்சிருக்கு சார். யாரோ உக்காந்து பூசை பண்ணியிருக்காங்க. எம்பொண்ணுக்கு இது எட்டாம் மாசம்” என்றார்.

இளங்கோ பேனாவால் முடிச்சை அவிழ்த்தார். மஞ்சள் துண்டு, ஒரு ரூபாய், கொஞ்சம் பச்சரிசி. அரிசிக்குள் ஒரு வெள்ளித் தண்டை. கைக்குழந்தையின் காலுக்குப் போடுவது. கறுத்துப் போயிருந்தது. ஒற்றைத் தண்டை.

“பச்சைப் புள்ள தண்டை சார்! இது செய்வினை இல்லாம வேற என்ன?” என்று இளங்கோ எழுந்தேவிட்டார். “வீடு கட்டினதுலேருந்து சாவி யார்கிட்ட இருந்துச்சு? சின்னக்கண்ணுகிட்ட. அவன வெச்சு விசாரிச்சா எல்லாம் வெளிய வரும். பொருள் என்னன்னு யாருக்கும் சொல்ல வேணாம், பொம்பளைங்க பயந்துக்குவாங்க. திருமேனி சார், நீங்கதான் விசாரணை அதிகாரி.”

நான் தலையாட்டினேனா, இல்லையா என்று நினைவில்லை. ஜோடியில் இன்னொரு தண்டை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் காலிலிருந்து கழற்ற வேண்டாம் என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன்.

ஜூன் 5

தண்ணீர் லாரி வந்தது.

ஜூன் 6

எழுதித்தான் ஆக வேண்டும் போலிருக்கிறது.

1988. அரூருக்கு மாற்றல். ஆடி மாதம். குவார்ட்டர்ஸ் வாசலில் சாமானை இறக்கிவிட்டு வேதா சொன்னாள், கொஞ்சம் பாலாவது காய்ச்சிட்டு உள்ள போவோம் என்று. மத்தியானத்துக்குள் ஆபீசில் சேர வேண்டும் என்ற அவசரம் எனக்கு. அதைவிட, நான் அப்போது பகுத்தறிவாளன். “பாலும் வேணாம், மோரும் வேணாம்” என்று சொல்லிப் பூட்டைத் திறந்துவிட்டுப் போய்விட்டேன். குழந்தைக்கு ஐந்து மாதம். மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள்.

பிறகு எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது குவார்ட்டர்ஸ். ஒவ்வொன்றிலும் அவள் பால் காய்ச்சினாள், நான் பக்கத்தில் கைகட்டி நின்றேன். என்னால்தான் என்று ஒரு நாள்கூட அவள் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்து வாதாடியிருப்பேன். சொல்லாததை எப்படி எதிர்ப்பது? சத்தியமாகப் பாலை நம்புகிறேனா என்று என்னைக் கேட்டால் தெரியாது. அவள் நம்புகிறாள். ஆறு வாரமாக அவளைப் பால் காய்ச்சாத வீட்டில் படுக்க வைத்திருக்கிறேன். அது தெரிந்தால் இன்னொரு தடவை அரூரை நான் அவளுக்குச் செய்ததாக ஆகும். அதுதான் என் பயம், வேறொன்றுமில்லை.

ஜூன் 8

விசாரணை அதிகாரி இன்று குற்றம் சாட்டப்பட்டவரை விசாரித்தார். காவல் கூண்டில் சின்னக்கண்ணு எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றார்.

“ஞாயித்துக்கிழமை கூட்டத்துல என்னைய நிப்பாட்டிருவாங்களாம் சார். போலீசுன்னு வேற பேச்சு அடிபடுது” என்றார்.

“அன்னைக்குக் கதவைத் தொறந்துவிட்டது நீதானே? உண்மைய ஏன் சொல்லல?” என்று கேட்டேன். கேட்கும் யோக்கியதையைப் பாருங்கள்!

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார். அப்புறம், நீங்க சாவி கேட்டு வந்தப்ப முகத்தைப் பாத்தேன். அம்மாவுக்குத் தெரியாதுன்னு புரிஞ்சுச்சு. நான் சொல்லப்போய் உங்க குடும்பத்துல ஏதாச்சும் வந்துட்டா?” என்றார். பிறகு மெதுவாக, “ஆனா எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ள சார். சூனியக்காரன்னு பேரு வந்துட்டா அதுங்கள யாரு கட்டுவா?” என்றார்.

வீட்டுக்கு வந்தால் வேதா ரேணுகாவின் மகளுக்காகக் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எந்தப் பாவி வெச்சானோ, அவன் நல்லாவே இருக்கமாட்டான்” என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு மோர் குடித்தேன்.

ஜூன் 10

இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். முதல் முறை மின்சாரம் போய்விட்டது. இரண்டாம் முறை மின்சாரம் வந்துவிட்டது.

ஜூன் 11

பொதுக்குழு. கூரை இல்லாத கிளப் ஹவுஸில் நூறு நாற்காலி. வேதா இரண்டாவது வரிசையில் ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னக்கண்ணு சீருடையை இஸ்திரி போட்டு ஓரமாக நின்றார். இளங்கோ, “செயலாளர் விசாரணை அறிக்கையை வாசிப்பார்” என்று மைக்கைக் கொடுத்தார்.

எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். எழுதாமல் பேசினால் மறுபடியும் பொய் வந்துவிடும். “பொருள்: அறுபதாம் எண் வீட்டில் காணப்பட்ட முடிச்சு. விசாரணையின் முடிவு: குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டார். பெயர் திருமேனி, ஓய்வு பெற்ற சர்வேயர், வீட்டு எண் ஐந்து” என்று வாசித்தேன். சலசலப்பு. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தது, சின்னக்கண்ணு தடுத்தும் கேட்காதது, யாரோ வீட்டில் பால் காய்ச்சியது, மலையைக் கானல் மறைத்தது, பால் திரிந்தது, ஒவ்வொன்றாக. மலை வந்ததும் சிரிக்கத் தொடங்கினார்கள். திரிந்த பால் வந்தபோது ஒருவர் நாற்காலியிலிருந்து நழுவினார். “முடிச்சில் இருந்த பொருள் செய்வினை அல்ல. எங்கள் மகனுடையது. அவன் இப்போது இல்லை. ரேணுகாம்மா, உங்க பொண்ணுக்கு அதால ஒரு கெடுதலும் வராது. சின்னக்கண்ணுவிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்” என்று முடித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வேதாவைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது இளங்கோ மெதுவாகக் கேட்டார்: “சார்... அன்னைக்கு எங்க வீட்டையும் நீங்கதானே காட்டினீங்க?”

“ஆமா. பனிரெண்டுன்னு நெனச்சு ஐம்பத்து மூணைக் காட்டிட்டேன்.”

ஐம்பத்து மூன்றாம் எண்காரர் எழுந்து, “அப்ப எங்க வீட்டு அடுப்படிக் கரி நீங்களா தலைவரே!” என்றார். அதன் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. சின்னக்கண்ணுவை நீக்கும் தீர்மானத்தை இளங்கோவே கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். சின்னக்கண்ணு தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இளங்கோவின் பீரோவிலிருந்து முடிச்சு வந்தது. ரேணுகா அதை இரண்டு கையாலும் வேதாவிடம் கொடுத்தார். “அக்கா, ஒண்ணு கேக்கவா? நீங்க காய்ச்சின பாலே எங்க வீட்டுக்கு இருக்கட்டுமா, நான் திரும்பக் காய்ச்சணுமா?”

“நல்லாப் பொங்குச்சு. அப்படியே வெச்சுக்கம்மா” என்றாள் வேதா. என் பக்கம் திரும்பாமல் நடந்து போனாள்.

ஜூன் 12

நேற்று வீட்டுக்கு வந்தபோது அவள் சாப்பாட்டு மேசையில் தண்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டி கட்டியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். நின்றபடியே சொன்னேன், “வேதா, நாளைக்கே நல்ல நேரம் பாத்துக் காய்ச்சிருவோம். அதுவரைக்கும் லாட்ஜுல தங்கிக்கலாம்.”

“தெனமும் ரெண்டு வேளை இந்த வீட்டுல காய்ச்சிக்கிட்டுத்தான இருக்கேன்” என்றாள். “உக்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“அரூர்ல நான் பால் காய்ச்சினேன்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் தண்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் ஆபீசுக்குப் போனதும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டம்மாவிடம் ஒரு டம்ளர் பால் வாங்கி, சாமானை உள்ளே எடுத்து வைப்பதற்கு முன்னாலேயே காய்ச்சியிருக்கிறாள். “பொங்குச்சு. அதுவும் கிழக்காலதான் பொங்குச்சு. செழியன் மடியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தான்.”

“அப்ப ஏன்டி சொல்லல?”

“புள்ளய மண்ணுக்குக் கொடுத்துட்டு வந்த அன்னைக்கு நீங்க செவுத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதீங்க, பால் காய்ச்ச விடாம நான்தான் கெடுத்துட்டேன்னு. எங்கிட்ட ஒரு காரணமும் இல்ல. எல்லாம் ஒழுங்காச் செஞ்சும் போயிட்டான்னா நான் யாரக் கேக்குறது? உங்ககிட்ட ஒரு காரணம் இருந்துச்சு. நான் அதை எடுத்துக்கிட்டேன். காய்ச்சினேன்னு சொல்லியிருந்தா நம்ம ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணுமே இருந்திருக்காது.”

“அப்புறம் ஒன்பது வீட்டுலயும் எதுக்குக் காய்ச்சின?”

“நிறுத்தினா உங்களுக்குத் தெரிஞ்சுபோகுமே” என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எழுதுவதற்கென்ன வெட்கம், பொல்லாத கோபம். முப்பத்தைந்து வருடம்! எத்தனை அடுப்படியில் கைகட்டி நின்றிருக்கிறேன்! வெளியே போய், அறுபத்து நான்கு வீட்டையும் இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாம் சுற்றில்தான் உறைத்தது, இந்த இரண்டு மாதம் எனக்கே தாங்கவில்லை. சின்னதாக ஒரு வீட்டு எண்ணை மறைத்துவிட்டு நான் தூக்கம் கெட்டேன். அவள் இதை முப்பத்தைந்து வருடம் தனியாக வைத்திருந்திருக்கிறாள், நான் காரணம் இல்லாத ஆளாக ஆகிவிடக் கூடாதே என்றும்தான். திரும்பி வந்தபோது கோபம் குறைந்திருந்தது. முழுதாகப் போகவில்லை. அவளுக்கும் என்மேல் அப்படித்தான் இருக்கும்.

“எனக்கு மன்னிப்பு உண்டா?” என்றாள்.

“நீ மொதல்ல மலைக்கு மன்னிச்சிரு” என்றேன்.

ஜூன் 13

காலையில் ரேணுகா அழைத்தார் என்று இருவரும் அறுபதாம் எண்ணுக்குப் போனோம். அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. குன்றும் கோயிலும் அப்படியே இருந்தன. வேதா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

திரும்பி வரும் வழியில், எங்கள் வரிசைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் நேராகப் போய்விட்டேன். அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். எனக்கு அவமானமாக இருந்தது.

“செழியன் இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பான்” என்றாள். “‘அப்பா, இது நம்ம வீடு இல்லப்பா’ன்னு.”

“நான் கேட்டிருக்க மாட்டேன்” என்றேன்.

“கேட்டிருக்க மாட்டீங்க. ரெண்டு பேரும் நடு ரோட்டுல நின்னு சண்ட போட்டிருப்பீங்க. எனக்குப் பால் காய்ச்சுற நல்ல நேரமே போயிருக்கும்” என்றாள்.

சிரித்தோம். முப்பத்தைந்து வருடத்தில் அவன் பெயரைச் சொல்லிச் சிரித்தது இதுதான் முதல் தடவை. இருபதாம் எண் வாசலில் நின்றுகொண்டு இரண்டு கிழடுகள் எதற்கு இப்படிச் சிரிக்கின்றன, பிறகு எதற்கு இப்படி அழுகின்றன என்று அந்த வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.